டாக்டர் பதில்கள்: எடுக்க மறந்த ஸ்டென்ட்

கேள்வி: அப்பாவுக்கு (58) கல் அடைப்புக்காக 2 வருடத்துக்கு முன் டி.ஜே. ஸ்டென்ட் வைத்தார்கள். வலி நின்றதும் எடுக்கப் போகவில்லை. இப்போது சிறுநீரில் ரத்தம் வருகிறது, விலாவில் வலிக்கிறது. ஸ்டென்ட் மேலேயே கல் கட்டிவிட்டது, இரண்டு மூன்று ஆபரேஷன் ஆகலாம் என்கிறார்கள். வைத்த வழியாகவே உருவிவிடக் கூடாதா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: உருவாமல் விட்டார்களே, அதுதான் சரி. ஸ்டென்ட் என்பது 2 மி.மீ. அளவு தடிமனும் 24-26 செ.மீ. நீளமும் கொண்ட மெல்லிய குழாய். ஒரு முனை சிறுநீரகத்துக்குள்ளும் மறுமுனை சிறுநீர்ப்பைக்குள்ளும் முறுக்குப் போலச் சுருண்டு நிற்கும். இழுக்கும்போது அந்தச் சுருள் நிமிர்ந்தால்தான் குழாய் வெளியே வரும். உப்புத்தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் படிகிற மாதிரி சுருளின் மேல் கால்சியம் இறுகிவிட்டால் அது நிமிராது. நாள்பட்ட பிளாஸ்டிக்கும் நெகிழ்வை இழந்து மொறுமொறுப்பாகியிருக்கும். மீறி இழுத்தால், குழாயின் பக்கவாட்டில் துளை இருக்கும் இடத்தில் ஒடியும். சில சமயம் சிறுநீர்க்குழாயே பிய்ந்து கூடவே வந்துவிடும்.

1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் சுமார் 9 சதவீதத்தில்தான் படிவு இருந்தது. 12 வாரம் தாண்டியவற்றில் 76 சதவீதம். உங்கள் அப்பாவுக்கு 2 வருடம் ஆகியிருக்கிறது.

முதலில் சிறுநீர் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தச் சோதனை), கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன். மேல்சுருள், நடுத்தண்டு, கீழ்ச்சுருள் மூன்றில் எங்கே எவ்வளவு கல் என்பது சி.டி.யில்தான் தெளிவாகத் தெரியும். சிறுநீரகம் மெலிந்திருந்தால் ரீனோகிராம் எடுத்து அது இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். கிட்டத்தட்ட முழுதும் செயலிழந்திருந்தால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டிவரலாம். கல்ச்சருக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகே கை வைப்பார்கள். அந்தப் படிவுக்குள் கிருமிகள் குடியிருக்கும். உடைக்கும்போது அவை ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் பெரும்பாலும் கீழிருந்து தொடங்கும். சிறுநீர்ப்பையில் உள்ள கல்லை லேசரால் உடைத்துவிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். மேல்சுருள் நிமிரவில்லையா, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு யூரிட்டரோஸ்கோப்பை (சிறுநீர்க்குழாய்க்குள் பார்க்கும் மெல்லிய கருவி) ஸ்டென்ட்டின் பக்கவாட்டில் ஏற்றி நடுத்தண்டில் ஒட்டியதை உடைப்பார்கள். மேலே பெரிய கல் என்றால் முதுகு வழியாகத் துளையிட்டுக் கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். ஆபரேஷன் தேவைப்படும். எல்லாம் ஒரே மயக்கத்தில் முடிந்தால் நல்லது. நேரம் நீண்டு காய்ச்சல் அபாயம் கூடும் என்றால் பிரித்துச் செய்வதே புத்திசாலித்தனம். ஆகவே, "இரண்டு மூன்று" என்றவர்கள் பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

காத்திருக்கும் நாட்களில் குளிர்காய்ச்சல் வந்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றிரவே ஆஸ்பத்திரி. அடைப்போடு சேர்ந்த கிருமித்தொற்று என்றால், முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் டியூப் போட்டு முதலில் சிறுநீரை வடிப்பார்கள். கல் விவகாரம் அப்புறம்.

இன்னொன்று: ஆபரேஷன் முடிவில் பெரும்பாலும் புதிய ஸ்டென்ட் ஒன்று வைப்பார்கள். அதை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: வாழைத்தண்டுச் சாறு குடித்தால் ஸ்டென்ட்டில் படிந்த கல் கரையுமா? (வாசகர், தேனி)

பதில்: கரையாது. தண்ணீர் நிறையக் குடித்தால் புதிதாகப் படிவது குறையலாம், அவ்வளவுதான். கல்லைக் கரைக்கும் என்று கடையில் வாங்கும் சிட்ரேட் சிரப்பையும் நீங்களாகக் குடிக்காதீர்கள். சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கிவிடும் (அமிலத்துக்கு நேர்மாறான தன்மை). அந்தக் காரத்தன்மையில்தான் பாஸ்பேட் படிவு வளரும். சிரப் அதை இன்னும் கூட்டும்.

கேள்வி: 3 வருடம் முன் வேறு ஊரில் கல் ஆபரேஷன் செய்தேன். ஸ்டென்ட் எடுத்தார்களா என்று ஞாபகம் இல்லை, பேப்பரும் இல்லை. (வாசகர், சிவகாசி)

பதில்: ஒரே ஒரு எக்ஸ்ரே கே.யு.பி. (வயிற்றுப்பகுதி எக்ஸ்ரே) போதும், ஸ்டென்ட் இருந்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை முழுதும் படத்தில் விழ வேண்டும். ஒடிந்த துண்டு கீழே கிடந்தால் மேல்பாதிப் படத்தில் அகப்படாது.