ஓவன் 180 என்கிறது, கேக் ஒத்துக்கொள்ள மறுக்கிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டில் 42 லிட்டர் மேசை ஓவன் வைத்து ஆர்டருக்கு கேக், பிஸ்கட் செய்து கொடுக்கிறேன். தீபாவளி நெருங்கிவிட்டால் ராத்திரி பகல் பார்க்க முடியாது. 180-இல் வைத்தாலும் பட்டர் கேக் மேலே கருகிவிடுகிறது, நடுவில் மாவாகவே நிற்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் ஓவனைத் திறந்து டிஜிட்டல் கண்ட்ரோலர் மாட்டித் தருகிறேன் என்கிறான். பன் மாவு பொங்குவதற்கு ஒரு சூட்டுப் பெட்டியும் செய்வானாம். செய்ய விடலாமா? இன்னொன்று, ஸ்டோரில் போட்டு வைத்திருந்த பழைய ஓவனை இப்போது எடுத்துப் போட்டால் வீடு முழுக்க கரண்டு டிரிப் ஆகிறது. அது ஏன்?"

தம்பியைச் செய்ய விடுங்கள். ஆனால் அவர் நினைத்திருக்கும் வரிசையில் வேண்டாம். முதலில் சூட்டை அளக்கும் கருவியைச் செய்யட்டும். ஓவனைத் திறக்கும் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ரிப்பேர் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்ததில், அளந்து முடித்தவர்களில் பலருக்குத் திறக்கும் தேவையே வரவில்லை.

குமிழில் 180 என்று எழுதியிருப்பது கேக் இருக்கும் இடத்தின் சூடு இல்லை. மேசை ஓவன்களில் பெரும்பாலும் இருப்பது இரட்டை உலோகத் தகடு. ஒட்டிவைத்த இரண்டு உலோகங்களில் ஒன்று அதிகமாக விரியும், தகடு வளையும், தொடுமுனை பிரியும், ஓவனைச் சூடாக்கும் கம்பி அணையும். அந்தத் தகடு உட்கார்ந்திருப்பது குமிழுக்குப் பின்னால், பக்கவாட்டுப் பெட்டிக்குள். அது உணர்வது சுவரின் சூட்டை. கேக்கின் தலைக்கு மேல் சிவந்து நிற்கும் கம்பியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தகடு அணைத்த பிறகும் கம்பியில் தேங்கிய சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் வெப்பம் குறித்த அளவைத் தாண்டி ஏறும். பிறகு தகடு ஆறி மறுபடி ஒட்டுவதற்குள் நன்றாகக் கீழே இறங்கிவிடும். 180 வைத்த ஓவன் 160-க்கும் 205-க்கும் நடுவில் ஊஞ்சலாடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஓவனில் பழுது ஒன்றும் இல்லை, அதன் சுபாவமே அப்படி.

என் அப்பா தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கூடத்தில் வேலை செய்தவர். அங்கே சூடு 60 டிகிரியைத் தாண்டக்கூடாது. விறகு எவ்வளவு போட்டோம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார், தோட்டத்து எழுத்தரான கிராணி கேட்டால் நோட்டை நீட்டுவார். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்.

தம்பிக்கு முதல் வேலை இது. கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று, மாக்ஸ் 6675 சிப் பொருத்திய சின்ன போர்டு ஒன்று, நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினி போர்டான ஆர்டுவினோ நானோ, இரண்டு வரி எல்சிடி திரை. தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்தது. முனை சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 41 மைக்ரோவோல்ட் உண்டாகும். அந்தத் துளி மின்னழுத்தத்தைப் படித்து 0.25 டிகிரி படிகளில் எண்ணாகச் சொல்வதுதான் மாக்ஸ் 6675-இன் வேலை. 1,000 டிகிரிக்கு மேலும் படிக்கும், நமக்கு 250 போதும். சென்சார் வாங்கும்போது கம்பி மேல் கண்ணாடி இழை உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சென்சார் ஓவனுக்குள் உருகிப்போகும்.

கருவிக்கு கரண்டு கொடுக்க பவர் பேங்க் போதும். லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு முனையை ஓவன் உடம்பில் தொடவிட்டால் எண் குதியாய்க் குதிக்கும். அதைவிட முக்கியம், பவர் பேங்கில் ஓடும் கருவிக்கும் சுவர் மின்சாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கருவியின் இணைப்பில் எங்கே தப்பு செய்தாலும் யாருக்கும் ஷாக் அடிக்காது. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.

செய்து முடித்ததும் சோதனை. ஒரு குவளையில் ஐஸை உடைத்துப் போட்டு கொஞ்சம் தண்ணீர் விட்டு முனையை நடுவில் வைத்தால் 0 பக்கம் நிற்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100. ஓரிரண்டு டிகிரி தள்ளி நின்றால் பரவாயில்லை. எண் ஏறுவதற்குப் பதிலாக இறங்கினால் இரண்டு கம்பியும் மாறிப்போய்விட்டது என்று அர்த்தம். சிவப்புதான் பிளஸ் என்று நம் எல்லோர் கையும் பழகிப்போயிருக்கிறது. அமெரிக்க முறையில் செய்த கே வகைக் கம்பியில் சிவப்புதான் மைனஸ், மஞ்சள் பிளஸ். வேறு நாட்டுச் சரக்கில் வேறு நிறங்கள். நிறத்தை நம்பாமல் முனையை விரலால் பிடித்துப் பாருங்கள், எண் ஏறினால் சரி.

பிறகு ஓவனைக் காலியாக வைத்து, கேக் டின் எந்த உயரத்தில் நிற்குமோ அங்கே, கம்பித் தட்டின் நடுவில், உலோகத்தைத் தொடாமல் முனையை நிறுத்துங்கள். கதவு இடுக்கு வழியாகக் கம்பியை வெளியே எடுக்கலாம். 180 வைத்து 20 நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு எண் நோட்டில் எழுதுங்கள். அதிகம் எவ்வளவு, குறைவு எவ்வளவு, சராசரி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 150, 160, 200 என்று குமிழை மாற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். சராசரி 200 வருகிறது என்றால் உங்கள் வீட்டு 180 என்பது குமிழில் 160 பக்கம் எங்கேயோ இருக்கிறது. ஒரு வெள்ளை டேப்பைக் குமிழைச் சுற்றி ஒட்டி உங்கள் எண்களைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பாதிப் பிரச்சினை டேப்போடு முடிந்தது.

மீதிப் பாதி கம்பியின் தூரம். காற்றாடி வைத்த பெரிய பேக்கரி ஓவனில் கேக்கை வேகவைப்பது பெரும்பாலும் சூடான காற்று. மேசை ஓவனில் மேல் கம்பிக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு சாண் கூட இருக்காது. வெயில் முதுகில் நேரே அடிப்பது மாதிரி கம்பியின் சூடு கேக்கின் தலையில் விழுகிறது. நடுவில் உள்ள மாவுக்கு சூடு மெதுவாக நடந்து போய்ச் சேரவேண்டும், அதற்குள் மேலே கருகிவிடுகிறது. எனவே தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். உண்மையான சூடு 160, 165-க்குள் இருக்கட்டும், நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் கூடினால் கூடட்டும். மேலே நிறம் ஏறியதும் அலுமினியத் தாளை லேசாகக் கவிழ்த்து விடுங்கள். கறுப்பு டின் சூட்டை அதிகம் இழுக்கும், வெள்ளை அலுமினிய டின் நல்லது. கீழ்த் தட்டில் ஒரு கனமான இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊஞ்சலாட்டத்தைக் குறைக்கும். ஆனால் ஓவன் சூடாக அதிக நேரம் எடுக்கும், முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். கேக் வெந்ததா என்று பார்க்கக் குச்சி குத்துவது சரிதான். அதே தெர்மோகப்பிளை நடுவில் குத்தினால் இன்னும் உறுதி: பட்டர் கேக் 97, 98 டிகிரியில் வெந்திருக்கும்.

கேக் லாப்பிஸுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அதற்கு மேல் கம்பியின் நேரடிச் சூடுதான் வேண்டும், அடுக்கு அடுக்காகச் சிவக்க வைப்பதுதானே அதன் வேலை. கேக்கைக் கெடுக்கும் அதே குணம் அங்கே கை கொடுக்கிறது.

இவ்வளவும் செய்தும் திருப்தி இல்லை, பிஐடி என்ற டிஜிட்டல் கண்ட்ரோலர் போட்டே ஆகவேண்டும் என்று தம்பி நின்றால், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பிஐடி வெறுமனே அணைத்துப் போடுவதில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று கணக்குப் போட்டு, நெருங்க நெருங்க கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஊஞ்சலாட்டம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்துவிடும். மேக்கரோன், மெரிங் செய்பவருக்கு இது பெரிய வரம். பட்டர் கேக்குக்கு இவ்வளவு வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆபத்து கண்ட்ரோலரில் இல்லை, அது சொன்னபடி மின்சாரத்தைத் திறந்து மூடும் சாலிட் ஸ்டேட் ரிலேயில் இருக்கிறது. 1,500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். ரிலேக்குள் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் விழும், ஆக எட்டு ஒன்பது வாட் சூடு அதற்குள்ளேயே பிறக்கிறது. சூட்டை இழுத்து வெளியே விடும் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இல்லாமல் தாங்காது. கெடும்போது அது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். கண்ட்ரோலர் நிறுத்து என்றாலும் கம்பி எரிந்துகொண்டே இருக்கும். எனக்கே நடந்தது. இணையத்தில் வாங்கிய ரிலே, மேலே 40 ஆம்பியர் என்று கொட்டை எழுத்து. மூன்றாவது நாள் போய்ப் பார்த்தால் திரையில் 290, உள்ளே பிஸ்கட் கரி. பிறகு உடைத்துப் பார்த்தேன், உள்ளே இருந்த சிப்பு அந்த எழுத்துக்குக் கொஞ்சமும் தகுதி இல்லாத அளவு சின்னது.

அதனால் ஒரு நிபந்தனை. ஓவனின் பழைய தெர்மோஸ்டாட்டை, அதாவது அந்த இரட்டை உலோகத் தகட்டை, கழற்றி எறியக்கூடாது. மின்சாரம் அதன் வழியாகவும் போகட்டும், குமிழை வேண்டிய சூட்டுக்கு 30 டிகிரி மேலே வைத்துவிடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டாலும், சென்சார் நழுவி வெளியே தொங்கிக்கொண்டு "இங்கே 30 டிகிரிதான்" என்று பொய் சொன்னாலும், பழைய தகடு அணைத்துவிடும். உள்ளே சூட்டு ஃபியூஸ் இருந்தால் அதையும் தொடக்கூடாது.

கண்ட்ரோலர் ஓவனுக்கு வெளியே தனிப் பெட்டியில் இருக்கட்டும். சூடு படும் இடத்தில் கண்ணாடி இழை உறை போட்ட வயர்தான், சாதாரண பிவிசி வயர் 70 டிகிரிக்கு மேல் நம்பத் தகாது. ஓவனுக்குள் இணைப்பை ஈயம் வைத்து ஒட்டக்கூடாது, பழைய வகை ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் முனை போடவேண்டும். பச்சை மஞ்சள் எர்த் வயர் ஓவன் உடம்பிலும், பெட்டி உலோகமாக இருந்தால் அதிலும் இறுகப் பிடித்திருக்க வேண்டும். திறந்து மாற்றிய ஓவனில் ஒட்டியிருக்கும் சிரிம் பாதுகாப்புத் தர லேபிளுக்கு இனி அர்த்தம் கிடையாது, எனவே முதல் தடவை பிளக்கில் மாட்டும் முன் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆளில்லாத வீட்டில் அதை ஓட விடாதீர்கள்.

சூட்டுப் பெட்டி வேண்டாம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பில் "மாவை வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்" என்று இருக்கும். நம் சமையலறையே மத்தியானத்தில் 31, 32 டிகிரி. நமக்குள்ள தொல்லை மாவு பொங்காமல் போவதில்லை, நாம் தொலைக்காட்சி பார்த்துவிட்டு வருவதற்குள் பொங்கி வழிந்து புளித்துப்போவதுதான். தம்பியின் தெர்மாமீட்டர் இங்கேயும் உதவும். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி இருக்க வேண்டும் என்று வையுங்கள். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து பிசையாத உலர்ந்த மாவின் சூடு 31, அறையின் சூடு 31, மிக்சர் அடிக்கும்போது ஏறும் சூடு சுமார் 10, மூன்றையும் கழியுங்கள். மீதி 6. தண்ணீர் 6 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது நேராக ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது. கையால் பிசைந்தால் 10-க்குப் பதில் 3 என்று போட்டுக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரில் பிசைந்த பன்னையும் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்த பன்னையும் ஒரே நாளில் போட்டுப் பாருங்கள், வாசனையிலேயே வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, டிரிப் ஆகும் பழைய ஓவன். உலோகக் குழாய் போன்ற கம்பிக்குள் வெள்ளைத் தூள் அடைத்திருப்பார்கள், மெக்னீசியம் ஆக்சைடு. மின்சாரம் குழாயைத் தொடாமல் தடுப்பது அதுதான். மாதக் கணக்கில் ஸ்டோரில் கிடந்தால், நம் ஊர் ஈரத்தை அந்தத் தூள் முனைகள் வழியாகக் குடித்துவிடும். பிறகு போட்டால் கொஞ்சம் மின்சாரம் கசிந்து எர்த்துக்குப் போகும், அந்தக் கசிவைப் பார்த்ததும் மெயின் பெட்டியில் உள்ள ஈஎல்சிபி விழும். அது தன் கடமையைச் செய்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். சாயங்கால மழைக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்ததெல்லாம் வீண். ஈரம்தான் காரணம் என்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் விழுந்தால் கம்பியில் விரிசல் இருக்கலாம், ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்க் கம்பியை மாற்றுங்கள். பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது என்று யாராவது அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். ஆகாதுதான். அப்போது அந்தக் கசிவு, ஓவன் கதவைத் திறக்க ஈரக் கையோடு வரும் உங்கள் வழியாகத் தரைக்குப் போகும்.