மணிவண்ணன் வெறும் காமெடி நடிகரா? சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

"மணிவண்ணன் நல்ல காமெடி நடிகர், சரி. அவரைப் பெரிய இயக்குநர் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தொண்ணூறுகளுக்குப் பிறகு பிறந்தவராக இருக்கவேண்டும், அவ்வை சண்முகி, உள்ளத்தை அள்ளித்தா எல்லாம் டிவியில் பார்த்து அவரைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். அந்த உள்ளத்தை அள்ளித்தாவை எடுத்த சுந்தர் சி.யே இவரிடம் உதவி இயக்குநராக இருந்தவர்தான்.

மணிவண்ணன் பிறந்த, கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூர்தான் எனக்கும் ஊர் என்பதால் ஊர்ப்பாசத்தில் எழுதுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். ஊர்ப்பாசம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்வதற்குக் காரணம் என் அத்தை.

அத்தையின் பெயர் அருக்காணி. எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு அருக்காணி இருந்த காலம் அது. 1982-இல் மணிவண்ணனின் முதல் படம், கோபுரங்கள் சாய்வதில்லை, வந்தது. அதில் சுஹாசினிக்கு அருக்காணி என்று பெயர். அழகில்லாத, படிக்காத பெண். அப்பாவின் கட்டாயத்தால் தாலி கட்டிய மோகன், வெளியூர் போய் ராதாவையும் கல்யாணம் செய்துகொள்வான். அத்தை அப்போது மில்லில் ரீலிங் பிரிவில் வேலை. படம் வந்த வாரத்திலிருந்து, கூட வேலை செய்தவர்கள் படத்தில் அருக்காணி போட்டிருக்கும் ஜடையைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். கருப்பான பெண் வேறு, புதிதாகக் கல்யாணம் ஆனவள் வேறு. எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று பிடிவாதம். மாமாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கூட்டிப்போனார்.

திரும்பி வந்த அத்தை வேறு ஆள். அடுத்த நாள் மில்லில் ஜடையைப் பற்றி ஆரம்பித்த அக்காவிடம், "ஏனுங்க்கா, படத்தை முழுசாப் பாத்துப்போட்டு வந்து பேசுங்க. தப்புப் பண்ணுனது அவ புருசனுங்க, அருக்காணி என்ன பண்ணுனா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அந்தப் பிரிவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இதை அவள் சொல்லி நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இப்போதும் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும்.

என்னைப் பொறுத்தவரை இயக்குநர் என்றால் இதுதான். ஊரே சிரிக்கிற ஒரு பெண்ணைக் காட்டிவிட்டு, சிரித்தவர்களை வெட்கப்பட வைப்பது. முதல் படத்திலேயே அதைச் செய்தவர் அவர். அதற்கு முன்பே பாரதிராஜாவிடம் இருந்தபோது நிழல்கள், அலைகள் ஓய்வதில்லை என்று எழுதிப் பழகிய கை. அப்புறம் 1983-இல் இளமைக் காலங்கள் என்று ஒரு காதல் கதை. அடுத்த வருடமே சத்யராஜை மொட்டைத் தலையோடு நிறுத்தி நூறாவது நாள். அதே வருடம் 24 மணி நேரம் என்று இன்னொரு படம். முதல் வசந்தம் படத்தில் சத்யராஜ் செய்த குங்குமப்பொட்டுக் கவுண்டரை இங்கே யாரிடம் கேட்டாலும் தெரியும். ஒரே மாதிரிப் படமாக எடுத்து ஒரு முத்திரை குத்திக்கொண்டிருந்தால் எல்லாப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்திருக்கும். வேகமாக எடுத்தார், வகை வகையாக எடுத்தார், அப்புறம் 400 படங்களுக்கு மேல் நடித்தும் விட்டார். அதனால் இயக்குநரை மறந்துவிட்டார்கள். அவருடைய 50 படமும் அருமை என்று நான் சொல்லவில்லை, அவசரத்தில் எடுத்த படங்களும் இருக்கின்றன. எந்த இயக்குநருக்குத்தான் இல்லை?

     

சரி, கேள்விக்கு வருகிறேன். அமைதிப்படை (1994) பாருங்கள். கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை (சத்யராஜ்) தேர்தலில் நிற்பான். ஓட்டு எண்ணிக்கை வர வர அவன் நாற்காலியில் உட்காரும் விதம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பவ்வியமாக நுனியில் உட்கார்ந்திருந்தவன் கால்மேல் கால் போடுவதற்குள் ஒரு அரசியல்வாதி பிறந்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மணிவண்ணன். அந்தக் காட்சியில் நடிகரைப் பார்த்து முடித்ததும் திரும்ப ஓட்டி இயக்குநரைப் பாருங்கள். வசனத்தை விட்டுவிட்டு அந்த நாற்காலியை மட்டும் கவனித்தால் போதும். அந்த அமாவாசைதான் அரசியலுக்கு வந்து நாகராஜ சோழன் ஆவான்; 2013-இல் அதே நாகராஜ சோழனை வைத்துத்தான் மணிவண்ணன் தன் 50-ஆவது படத்தை எடுத்தார், அது வந்த சில வாரங்களில், ஜூன் 15 அன்று, போய்விட்டார்.

பார்த்துவிட்டு வந்து, அப்போதும் காமெடி நடிகர் மட்டும்தான் என்று தோன்றினால் கீழே எழுதுங்கள், அத்தையிடமே பதில் வாங்கிப் போடுகிறேன்.