நான்கு பேர், ஐந்து சென்ட், ஒரு பத்திரம்

கேள்வி: பாளையங்கோட்டையில் தனியார் வேலை, வயது 27, சம்பளம் 32,000 ரூபாய். பெருமாள்புரம் பக்கம் தனி ஆளாக மனை வாங்குவது நடக்காத காரியம். கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ரெட்டியார்பட்டி பக்கம் ஐந்து சென்ட் வாங்கி, கீழே இரண்டு, மேலே இரண்டு என வீடு கட்ட நினைக்கிறோம். மனை 20 லட்சம், எல்லாம் சேர்த்து 60 லட்சம் ஆகும். ஒருவன் துபாயில் இருக்கிறான். வீட்டிலோ, "கையிலிருக்கும் ஐந்து லட்சத்துக்கு ஒத்திக்கு வீடு பிடி" என்கிறார்கள்; அதாவது மொத்தப் பணத்தைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. எது சரி?

பதில்: உங்கள் யோசனையைக் கேட்டுப் பெரியவர்கள் சிரித்தால், திருநெல்வேலி டவுனில் ஏதாவது ஒரு வளவுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு கிணறு. தார்சாவும் (முன்னறை) பட்டாசலும் (கூடம்) அடுக்களையும் வீட்டுக்கு வீடு தனி. கிணறும் நடையும் பொது. இடம் குறைவு, ஆட்கள் அதிகம் என்றபோது நம்மூர் கண்ட வழி இது. ஒருவருக்குச் சொந்தமாக இருந்த வளவுகள் சிக்கலில்லாமல் ஓடின. நாலைந்து பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தவை தகராறாகி என் மேசைக்கு வந்தன. காரணம் எப்போதும் ஒன்றுதான்: யாருக்கு எது என்று எழுதி வைக்கவில்லை.

ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. அதை நாலு துண்டாகக் கோடு போட்டுப் பிரிக்க நினைக்காதீர்கள்; உட்பிரிவுக்கும் திட்ட அனுமதி வேண்டும். வாங்கும் மனையே அங்கீகாரமில்லாததாக இருந்தால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். நால்வர் பெயரிலும் ஒரே கிரயப் பத்திரம், ஆளுக்குப் பிரிக்கப்படாத கால் பங்கு என்று வாங்குங்கள். கட்டி முடித்ததும் எந்த வீடு யாருக்கு, மொட்டை மாடி யாருக்கு, போர்வெல் போட்ட செலவு எப்படி என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

அதுவரையிலான இடைக்காலம்தான் ஆபத்து. கூட்டுச் சொத்தில் எந்தப் பங்குதாரரும் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத சொத்து என்றால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் அதை விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்லவும் முடியும். நண்பர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் உங்கள் பங்குதாரர்கள் ஆவார்கள். அவர்களுக்கு உங்கள் கல்லூரிக் கதையெல்லாம் தெரியாது. எனவே விற்பதானால் முதலில் மற்ற மூவருக்குத்தான், விலையை எப்படி முடிவு செய்வது, பாதியில் ஒருவர் விலகினால் கொடுத்த பணம் எப்போது திரும்பும் என்ற மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தமாக எழுதுங்கள். கூச்சமாக இருக்கும். எழுதுங்கள்.

அடுத்து பணம். 48 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 41,700 ரூபாய். ஆளுக்கு 10,400 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். வங்கி அப்படிக் கணக்குப் போடாது. கூட்டுக் கடனில் ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. நண்பர்களைக் கூட்டுக் கடனாளிகளாக ஏற்கவே பல வங்கிகள் தயங்கும் என்பதால், முதலில் வங்கிக்குப் போங்கள், பிறகு புரோக்கரிடம். கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது; ஆக 12 லட்சம் கைக்காசு. மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 20 லட்சத்துக்கு 1.8 லட்சம். அதற்கு வங்கி தராது. நால்வருக்கும் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம்.

இங்கேதான் ஒத்தி குறுக்கே வருகிறது. வாடகை மிச்சம் என்பது உண்மை. ஆனால் கைக்காசுக்கு வைத்திருக்கும் அதே ஐந்து லட்சம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்ட நாளில் திரும்புவது வீட்டுக்காரருக்கு அடுத்த ஆள் கிடைப்பதைப் பொறுத்தது. ஒருவர் கொண்டுவந்த ஒத்திச் சீட்டை மறக்க முடியவில்லை: 20 ரூபாய் முத்திரைத்தாள், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது, தொகை ஆறு லட்சம். வீடு அதற்கு முன்பே வங்கி அடமானத்தில் இருந்தது. கதவில் நோட்டீஸ் ஒட்டிய அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஒத்தி என்பதும் அடமானம்தான். 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவு கட்டாயம். அப்படியும் ஒத்திக்குத்தான் போவதென்றால் வில்லங்கச் சான்று போடுங்கள், மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டுகிறவர் வீடு வேண்டாம்.

என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் வாடகையிலேயே இருந்து, மனைக்குப் போங்கள். மலிவாகச் சொல்கிறார்களே என்று குளத்தங்கரைப் பக்கம் போய்விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்க வேண்டாம்.

துபாய் நண்பர் நேரில் வர முடியாவிட்டால், அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.