தள்ளாத வயதில் வழக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாஜி முகாம்களில் காவல் நின்றவர்களைப் பிடித்து நாடுகடத்த வேண்டும், வழக்கு நடத்த வேண்டும், ஒத்துழைக்காத நாடுகளை நெருக்கச் சட்டம் வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். 95 வயதுக் கிழவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய் என்ன நீதி கிடைத்துவிடப் போகிறது? பெரிய தலைகளெல்லாம் போய்ச் சேர்ந்தபின் கடைநிலைக் காவலர்களைத் துரத்துவது வெறும் பழிவாங்கல்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்த ஸ்ட்ரெச்சர் படம், நாஜி முகாமில் காவலராக இருந்த யாக்கிவ் பாலியுடையதாக இருக்கும். 2018 ஆகஸ்டில் நியூயார்க் குவீன்ஸ் வீட்டிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய குடியுரிமை பறிபோனது 2003இல், நாடுகடத்தும் உத்தரவு வந்தது 2004இல். அப்போது அவருக்கு எண்பதுதான். ஜெர்மனி, போலந்து, உக்ரைன் என்று கேட்ட நாடெல்லாம் கைவிரித்ததால் பதினான்கு வருடம் அதே வீட்டில் இருந்தார், வாசலில் மாணவர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்கிறோம். அந்த வயது வரை ஆற அமர இருக்க விட்டதே இந்தத் தட்டிக்கழிப்புதானே?

அமெரிக்காவே விசாரித்திருக்கலாமே என்றால், குற்றம் நடந்தது வேறு நாட்டில், செத்தவர்கள் அமெரிக்கர்களும் அல்ல. அங்கே செய்ய முடிந்தது ஒன்றுதான், குடியேறும்போது பொய் சொன்னார் என்று நிரூபித்து வெளியேற்றுவது. பாலி 1949இல் வந்தபோது அப்பாவின் பண்ணையில் வேலை செய்ததாகச் சொன்னார், போலந்தில் நாஜிகள் நடத்திய டிராவ்னிக்கி முகாமில் காவல் நின்றதைச் சொல்லவில்லை. 1943 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 6,000 யூதர்களைச் சுட்டுக்கொன்ற இடம் அது. ஆக, வெளியேற்ற ஒரு நாடு தயாராக இருந்தாலும் வாங்கிக்கொள்ள இன்னொரு நாடு வேண்டும். அதனால்தான் நெருக்கடி தருகிற சட்டம் தேவை என்கிறேன். விசா சலுகையில் கை வைப்போம் என்றால் எந்த அரசும் கொஞ்சம் வேகமாகவே கோப்பைத் திறக்கும்.

கடைநிலை ஆட்கள் என்கிறீர்கள். சரி, ஏன் அவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்? இன்னார் இன்னாரைக் கொன்றார் என்று தனித்தனியாக ஆதாரம் கொண்டுவா என்று ஜெர்மன் நீதிமன்றங்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தன. 2011இல்தான் ஜான் டெம்யான்யுக் வழக்கில் அது மாறியது. அமெரிக்காவில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். போரின்போது அவர் காவல் நின்ற சோபிபோர் முகாமே கொல்வதற்காக மட்டும் நடந்த இடம், அங்கே காவல் நின்றாலே உடந்தை என்று மியூனிக் நீதிமன்றம் சொன்னது. போர் முடிந்து 66 வருடம் கழித்து இந்த ஞானோதயம் வந்தால், அன்று பதினெட்டு இருபது வயதில் இருந்தவர்கள்தானே கையில் கிடைப்பார்கள்?

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் உண்மையில் கனமானது. இதே டெம்யான்யுக்கைத்தான் இஸ்ரேல் 1988இல், டிரெப்லிங்கா என்ற இன்னொரு கொலை முகாமில் 'கொடூர இவான்' என்று அழைக்கப்பட்ட காவலர் இவர்தான் என்று சாட்சிகள் அடையாளம் காட்டியதை நம்பி, தூக்குக்கு அனுப்பப் பார்த்தது. 1993இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தது. ஆகவே பல பத்தாண்டு பழைய நினைவை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, ஆவணம் வேண்டும். 2011 தீர்ப்பு அடையாள அட்டையையும் முகாம் பட்டியல்களையும் வைத்துத்தான் நின்றது. இந்த எச்சரிக்கையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம், எல்லாரையும் படுத்த படுக்கை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டுட்ஹோஃப் என்ற நாஜி முகாமின் அலுவலகத்தில் செயலாளராக இருந்த இர்ம்கார்ட் ஃபுர்ஷ்னர், 2021இல் வழக்கு தொடங்கும் நாளன்று, 96 வயதில், முதியோர் இல்லத்திலிருந்து டாக்ஸி பிடித்துக் கிளம்பிவிட்டார். சில மணி நேரத்தில் ஹாம்பர்க்கில் பிடித்தார்கள். 10,505 கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பு வந்தது. தண்டனை இரண்டு வருடம், அதையும் நிறுத்திவைத்தார்கள். ஒரு நாள்கூடச் சிறையில் கழிக்கத் தேவையில்லாத அந்தத் தீர்ப்பையும் எதிர்த்து அவர் மேல்முறையீடு போனார். 2024இல் அது தள்ளுபடியானது.