கைவிட்ட கல்குவாரி: மூடுவதா, காப்பதா?

கேள்வி: எங்கள் ஊர்ப் புறம்போக்கில் குத்தகை முடிந்த 4 ஏக்கர் கல்குவாரி கிடக்கிறது. அதில் குழி மட்டும் 2 ஏக்கர், 60 அடி ஆழம். பாதிக்கு மேல் தண்ணீர். மண் கொட்டி மூடி அடர்வனம் வளர்க்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். பறவைகளும் மற்ற உயிர்களும் தங்க என்ன செய்யலாம்? (வாசகர், பெரம்பலூர் மாவட்டம்)

மூடாதீர்கள். அந்தக் குழி நிரம்ப 52,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வேண்டும்; 3 யூனிட் டிப்பரில் 17,000 நடைக்கு மேல். அவ்வளவு மண்ணுக்கு இன்னொரு இடத்தைத் தோண்ட வேண்டியிருக்கும். செங்குத்துப் பாறை, வெறும் கல்தளம், ஆழமான நீர் மூன்றும் சுற்றியுள்ள வயற்காட்டில் கிடைக்காதவை. அவற்றைக் காப்பதுதான் முதல் வேலை. மரம் அதற்குப் பிறகு.

புறம்போக்கு என்பதால் மாவட்ட ஆட்சியரின் அனுமதியும், கனிமவளத்துறையிடமிருந்து குத்தகை முடிந்ததற்கான உறுதியும் எழுத்தில் வாங்குங்கள். வெடிக்காத மருந்துக் குழியோ, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டெட்டனேட்டரோ தென்பட்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். விளிம்பிலிருந்து 15 அடி தள்ளி வேலி வேண்டும். கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும். அது அடரும்வரை முள்கம்பி.

அடுத்து பாறைச் சுவரை எதிர்ப்பக்கமிருந்து பைனாகுலரில் பாருங்கள். திட்டுகளில் சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளை எச்சமும், கீழே எலி முடியும் எலும்பும் திரண்ட விரல்நீள உருண்டைகளும் இருந்தால் அங்கே கொம்பன் ஆந்தை இருக்க வாய்ப்பு அதிகம். அது கூடு கட்டாது. வெறும் திட்டிலேயே முட்டையிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் ஆள் போகக் கூடாது. தளர்ந்த கற்களைத் தள்ளுவது, சுவரோரம் மண் அள்ளுவது எல்லாம் ஜூனுக்கு மேல்தான்.

தண்ணீரில் குறை ஒன்றுதான்: கரை இல்லை. சுவர் நேராக ஆழத்துக்குள் இறங்குவதால் கொக்கு நிற்க இடமில்லை. உள்ளே விழுந்த ஆடு ஏறவும் வழியில்லை. லாரி இறங்கிய பாதைதான் இதற்குத் தீர்வு. அது பத்துக்கு ஒன்று சரிவில் இருந்தால், நீர்மட்டம் 10 அடி இறங்கும்போது கரை 100 அடி நகரும். நீர் வற்றிய மே மாதத்தில் அந்த 100 அடி நீளத்துக்கும் 20 அடி அகலத்தில் ஒன்றரை அடி மண் பரப்புங்கள். 30 யூனிட், அதாவது பத்து நடை போதும். குவாரியின் மேல்மண் குவியலிலேயே கிடைக்கும். ஆழப்பக்க ஓரத்தில் முதலில் பெருங்கற்களை வரிசையாக அடுக்குங்கள். அடுக்காவிட்டால் முதல் மழையிலேயே மண் முழுதும் சரிந்து அடியில் போய்விடும். கோரையும் சம்பும் பறவை, காற்று வழியே தாமாக வந்து சேரும்.

மீன் விடவே வேண்டாம். ஜிலேபியும் கெளுத்தியும் தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு எதையும் விட்டுவைக்காது. குழியில் ஏற்கனவே மீன் இருந்தால், மேல்தளத்தில் 30க்கு 20 அடியில், 2 அடி ஆழத்தில் களிமண் மெழுகிய தனிக்குட்டை அமையுங்கள். அது கோடையில் வற்ற வேண்டும். வற்றினால்தான் மீன் நிலைக்காது, தவளை பெருகும். கொசு வரும் என்று ஆட்சேபம் எழும். தட்டான் குஞ்சும் நீர்ப்பூச்சிகளும் இருக்கும் குட்டையில் கொசுப்புழு பெரும்பாலும் அவற்றுக்கு இரையாகிவிடும். குவாரியில் கிடக்கும் பழைய டயர்களை அப்புறப்படுத்துவதுதான் அவசரம்.

மீதமுள்ள மேல்மண் குவியலின் ஒரு பக்கத்தை 5 அடி உயரத்துக்கு மண்வெட்டியால் செங்குத்தாகச் செதுக்கினால் பஞ்சுருட்டான் வளை தோண்டும். ஆண்டுதோறும் ஜனவரியில் புல்லைச் சீவிவிடுங்கள். பிப்ரவரிக்குப் பின் கை வைத்தால் வளைக்குள் முட்டை இருக்கும்.

மரம் நடுவது மண் உள்ள வெளிவிளிம்பில் மட்டும். கிரஷர் தூசி மழையில் நனைந்து சிமெண்டுபோல் இறுகி வேரை மூச்சடைக்கச் செய்யும். நட்ட கன்று இரண்டாம் கோடையில் காய்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 2 அடிக் குழி எடுத்து, தூசியை அகற்றி, ஏரி வண்டல் நிரப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நடுங்கள். உசில், வெள்வேல், வெட்பாலை, காரை, விராலி, ஆவாரை போதும். ஒன்றரை அடிக் கன்றே நல்லது. ஆளுயரக் கன்று எளிதில் வேர் பிடிக்காது. சீமைக் கருவேலத்தை மழைக்காலத்தில் வேரோடு பிடுங்குங்கள், வெட்டினால் தழைக்கும். சுபாபுல்லை உள்ளே விடாதீர்கள். பாறை வெடிப்பில் இச்சியை நட வேண்டியதில்லை, பறவை எச்சத்தில் அதுவே முளைக்கும்.