பிரயாசமும் மாயையும் – கடிதம்

கர்த்தருக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

யாங்கோன் பயின்னவுங் சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உளுந்து, துவரை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்ததும் விலை சரிந்தது. விவசாயிகளிடம் சொல்லியிருந்த விலையைக் கொடுத்து முடித்ததில் என் சேமிப்பு கரைந்துவிட்டது. அன்றிலிருந்து கடையைத் திறக்கும்போதெல்லாம் ‘எல்லாம் மாயை’ என்ற, வேதாகமத்தின் பிரசங்கி புத்தக வசனமே நினைவுக்கு வருகிறது. கடையை மூடிவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால் மிச்சமுள்ள நாட்களாவது வீணாகாது என்று எண்ணுகிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

– ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள சகோதரருக்கு,

‘மாயை’ என்று நம் வேதாகமத்தில் வரும் சொல்லுக்கு எபிரேய மூலத்தில் உள்ளது ‘ஹெவெல்’. அதன் நேர்ப்பொருள் மூச்சு, நீராவி. தமிழில் மாயை என்றதும் பொய்த்தோற்றம் என்று எண்ணிவிடுகிறோம். மூச்சு பொய்யல்லவே, கையில் பிடித்து வைக்க முடியாதது, அவ்வளவுதான். உங்கள் உழைப்பு வெறும் தோற்றமாக இருந்ததென்று பிரசங்கி சொல்லவில்லை. தன் பிரயாசத்தின் பலனை மனுஷன் அநுபவிப்பதும் தேவனுடைய கரத்திலிருந்து வருகிறது என்று அடுத்த அதிகாரத்திலேயே எழுதுகிறவரும் அவர்தான்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமையன்று, பர்மாவில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவுமின்றிச் செல்லாதவையாயின. தையற்காரரான என் தந்தை அக்காளின் திருமணத்துக்கென்று தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி 75 கியாட் நோட்டுகள். அன்றிரவு அவர் அழுததை நான் பார்த்தேன். மறுநாள் எல்லாரும் ஆலயத்துக்குப் போனோம். திங்கட்கிழமை காலை, அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தருவதாகச் சொல்லியிருந்த சட்டையை முடிக்க அவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பணம் போனதும் அவருடைய வேலைக்கு அர்த்தமும் போயிருக்க வேண்டும் என்று அந்த வயதில் நினைத்தேன்; அந்த அர்த்தம் பெட்டிக்குள் இருந்ததில்லை என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

‘பிரயாசத்தினால் பலன் என்ன’ என்று பிரசங்கி கேட்ட அதே சொல்லைத்தான், ‘கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும் இடத்திலும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். அந்த வசனம் ‘ஆகையால்’ என்று தொடங்குகிறது; அதற்கு முன்னால் அதிகாரம் முழுவதும் உயிர்த்தெழுதலைப் பற்றியது. கிறிஸ்து எழுந்தார், ஆகையால் பிரயாசம் வீணல்ல என்பதே பவுலின் வாதம். கணக்கு லாபத்தில் முடிகிறதா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை. இந்த நிருபத்தைப் பெற்றுக்கொண்ட கொரிந்துப் பட்டணத்தில்தான், ரோமப் பேரரசனான கிலவுதியு இராயனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேற்றப்பட்ட ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியரோடு தங்கிப் பவுல் கூடாரம் செய்தார் (அப்போஸ்தலர் 18). 1964-இல் பர்மாவில் கடைகள் நாட்டுடைமையானபின் கப்பலேறிய நம் உறவினர்களை அறிந்த எனக்கு அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. பிடுங்கி எறியப்பட்ட இரு தொழிலாளிகளோடு சேர்ந்து ஊசி பிடித்த கை எழுதிய வசனம் அது.

ஆகவே கடை உலகத்தின் காரியம், ஊழியம் மட்டுமே தேவனுடைய காரியம் என்று பிரித்து நம் சபைகளில் சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தேவன் உங்களை அழைத்தால் போகத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அழைப்பைவிடச் சலிப்பே அதிகம் தெரிகிறது; சலித்துப்போய் ஊழியத்துக்குச் செல்கிறவர் அங்கும் சில ஆண்டுகளில் பலனை எண்ணத் தொடங்குவார். ‘சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்’, அதாவது சரியான எடைக்கல்லே கர்த்தருக்குப் பிரியம், என்று நீதிமொழிகள் சொல்வது தராசு பிடிக்கும் உங்களைப் போன்றவர்களிடம்தான்.

நீங்கள் நஷ்டம் என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன செய்தியிலேயே என் மனம் நிற்கிறது. சந்தை விழுந்த பிறகும் சொன்ன விலையைக் கொடுத்தீர்களே, அந்த விவசாயிகள் இன்னும் உங்களிடம்தான் சரக்குக் கொண்டுவருகிறார்களா? அடுத்த கடிதத்தில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.