லாபம் ஏறியது, ஈவுத்தொகை ஏன் ஏறவில்லை?

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் லாபம் இந்த ஆண்டு நன்றாகக் கூடியிருக்கிறது. ஈவுத்தொகை மட்டும் பழையபடியே. ஆண்டறிக்கையில் தேடினால், பட்டியலிடப்படாத ஒரு நிறுவனத்தில் வைத்திருக்கும் சிறு முதலீட்டின் ‘நியாய மதிப்பு உயர்வு, லெவல் 3’ என்று போட்டிருக்கிறார்கள். விற்காத பங்கில் லாபம் எப்படி வரும்? இதை நம்பலாமா?

பதில்: கணக்கு விதிப்படி அது லாபம்தான். ஆனால் இன்னும் கைக்கு வராத லாபம்.

இந்தியாவில் இதற்கான விதி இண்ட் ஏஎஸ் 113 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை. மதிப்பிடும் நாளில், அவசரமோ நெருக்கடியோ இல்லாமல் அந்தச் சொத்தை விற்றால் சந்தையில் என்ன விலை கிடைக்குமோ அதுதான் நியாய மதிப்பு. வாங்கிய விலைக்கு இதில் வேலை இல்லை. விலை எங்கிருந்து கிடைத்தது என்பதை வைத்துத்தான் மூன்று லெவல்கள். பங்குச் சந்தையில் தினமும் கைமாறும் பங்கு என்றால் அன்றைய விலை, பெருக்கல் எண்ணிக்கை, அவ்வளவுதான். அது லெவல் 1. அதிகம் கைமாறாத கடன் பத்திரம், வட்டி ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) போன்றவற்றைச் சந்தையில் தெரியும் வட்டி விகிதங்களை வைத்துக் கணக்கிடுவார்கள். அது லெவல் 2.

உங்கள் நிறுவனம் சொல்லும் லெவல் 3-இல் முக்கியமான உள்ளீடுகளைச் சந்தையில் பார்க்க முடியாது. நிர்வாகமோ மதிப்பீட்டாளரோ அனுமானிக்க வேண்டும். அது எவ்வளவு இழுபடும் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டு 10 கோடி ரூபாய் ரொக்கம் ஈட்டும், அது ஆண்டுக்கு 5% வளரும் என்கிறார்கள். தள்ளுபடி விகிதம், அதாவது நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், 11% என்றால் அதில் வளர்ச்சி 5% போக மீதி 6%; மதிப்பைக் காண 10-ஐ அந்த 6 சதவீதத்தால் வகுக்க வேண்டும்: சுமார் 167 கோடி. அதே விகிதத்தை 10% என்று எடுத்தால் 200 கோடி. தொழிலில் எதுவுமே மாறவில்லை, 33 கோடி முளைத்துவிட்டது! தணிக்கையாளர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் குடைவார்கள். நீங்களும் குடையலாம்.

நியாய மதிப்பு பற்றிய குறிப்பில், லெவல் 3-க்கு என்ன அனுமானம் எடுத்தார்கள், அது சற்று மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்று ஓர் அட்டவணை இருக்கும். சென்ற ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தள்ளுபடி விகிதம் இறங்கியோ, வளர்ச்சி ஏறியோ இருந்தால், ஏன் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அண்மையில் வெளியார் யாராவது அதே பங்கை நல்ல விலைக்கு வாங்கியதால் மதிப்பு ஏறியது என்றால், நான் அதை இன்னும் கொஞ்சம் நம்புவேன்.

ஈவுத்தொகை விஷயம் எளிது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 123-ஆம் பிரிவு, ஈவுத்தொகைக்கான லாபத்தைக் கணக்கிடும்போது இப்படிப்பட்ட, கைக்கு வராத நியாய மதிப்பு உயர்வைக் கழித்துவிடச் சொல்கிறது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இன்னும் கறார்: 2024 ஏப்ரல் முதல், லெவல் 3 உயர்வை மூலதனத்திலிருந்தும் கழிக்க வேண்டும்.

கடன் பக்கம் இதைவிட விசித்திரம். ஒரு நிறுவனம் தன் கடன் பத்திரத்தை நியாய மதிப்பில் காட்டினால், அதன் கடன் தரம் கெடும்போது பத்திரத்தின் விலை இறங்கும். கணக்கில் பொறுப்பு குறையும், அது ஆதாயமாகத் தெரியும். அந்த ஆதாயத்தை இப்போது பெரும்பாலும் லாப நஷ்டக் கணக்கில் சேர்க்க விடுவதில்லை. சாதாரண வங்கிக் கடன்களுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை.

இப்போதைக்கு பணவரத்து அறிக்கையைத் திறங்கள். வரிக்கு முந்தைய லாபத்துக்குக் கீழே ‘நியாய மதிப்பு ஆதாயம்’ கழிக்கப்பட்டிருக்கும். அதைக் கழித்த பிறகும் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் சென்ற ஆண்டைவிடக் கூடியிருந்தால், இந்த லெவல் 3 விவகாரத்துக்காகப் பங்கை விற்க வேண்டியதில்லை.